ஓலையில் அப்பா

கல்லறைத் திருநாளன்று பாலக்கரையில் எங்கள் தெருவே காலியாகிவிடும். அம்மாவும் நானும் மட்டும் வீட்டில் இருப்போம். மற்றவர்கள் மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். போரில் செத்து, உடல் ஊர் வந்து சேராதவர்களுக்குத் தோட்டத்தின் நடுவில் நிற்கும் பெரிய சிலுவைதான் கல்லறை. அதன் அடியில் அவரவர் வீட்டு மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் போகாது.

அப்பா பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனபோது எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. போர் முடிந்ததும் திரும்பி வந்தவர்கள் சேர்ந்து கோவில் வளாகத்தில் மாதா சுரூபம் வைக்க, குகை வடிவில் ஒரு கெபி கட்டினார்கள். வராதவர்களுக்கு வீட்டார் பூசை வைத்து, அழுது தீர்த்து, மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். அம்மா அழவில்லை, பூசையும் வைக்கவில்லை. "செத்ததை யாரு பாத்தாங்க?" என்பாள். தாலி கழுத்திலேயே கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா இல்லாதது ஒரு கஷ்டம்தான். இருக்கிறாரா, இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாதது அதைவிடப் பெரிய அவஸ்தை. பள்ளியில் தகப்பனில்லாத பெண்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு திரிவார்கள். அவர்களோடும் நான் சேர்த்தியில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் மணப்பாறையிலிருந்து எனக்கு வரன் வந்தது. நிச்சயம் முடிந்தால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அறிவிப்பார். அதற்குப் பெயர் கொடுக்கப் போனபோது மாப்பிள்ளையின் அத்தை அம்மாவைக் கோவில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடுவீங்கல்ல?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அங்கேயே இன்னொரு குடும்பம் வச்சுக்கிட்டு தங்கிட்டவங்களும் இருக்காங்க. ஆளு உசுரோட இருந்தா ஏன் வரலைன்னு எங்க பக்கத்துல கேப்பாங்க."

அம்மாவின் கை தாலிக்குப் போனது. கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். அவள் விடுவிடுவென்று சாமியாரிடம் போனாள்.

"காலஞ்சென்றன்னே போடுங்க சாமி," என்றாள்.

முதல் ஓலையில் அந்த வார்த்தை வந்ததும் பெண்கள் பக்கமிருந்த தலைகளெல்லாம் எங்களை நோக்கித் திரும்பின. பூசை முடிந்து வெளியே வந்தபோது, கெபி கட்டியவர்களில் ஒருவர் அம்மாவின் முன் துக்கம் விசாரிப்பதுபோல் கைகூப்பி நின்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. எல்லோரையும் போல எனக்கும் ஓர் அப்பா கிடைத்துவிட்டார், செத்துப்போன அப்பா. கல்யாணத்தன்று அம்மா தாலியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மணப்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்தேன். அம்மாவைப் பெரிய சிலுவைக்கு அழைத்துப் போகலாம் என்று மெழுகுவர்த்திகூட வாங்கியிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். தாலி சேலைக்கு வெளியே கிடந்தது.

"கிளம்பும்மா."

"எங்க?"

மெழுகுவர்த்தியைக் காட்டினேன்.

"அது உன் கல்யாணத்துக்காகச் சொன்னதுடி," என்றாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தனியாகவே போனேன். சிலுவையடியில் குடும்பம் குடும்பமாக முழங்காலில் இருந்தார்கள். பக்கத்தில் எரிந்த திரியில் நெருப்பு எடுத்து ஏற்றி வைத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. முகமே நினைவில்லாதவருக்காக எப்படி அழுவது? பக்கத்திலிருந்த குடும்பம் எழுந்து போன பிறகும் அங்கேயே இருந்தேன். அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இலை போட்டாள்.

"ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

சோற்றை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"அப்ப இனிமே அவருக்காகக் காத்துக்கிட்டிருக்க நான் மட்டுந்தான்."