தோணியில் நின்று கண் பார்த்த மிஸ்ஸி

வாவிக்குள் ஒரு தோணி நிற்கிறது. அதில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண் எழுந்து நிற்கிறார். கையில் மடக்கிய கறுப்புக் குடை. அதை வானத்தை நோக்கி உயர்த்துகிறார், தண்ணீரை நோக்கித் தாழ்த்துகிறார், வலப்பக்கம் நீட்டுகிறார், இடப்பக்கம் நீட்டுகிறார். காலை பத்து மணிக்குத் தொடங்கியவர் வெயில் மேற்கே சாயும்வரை இதைத்தான் செய்தார். அறுபது வயதைத் தாண்டியவர்; நீந்தத் தெரியாதவர். கண்ணால் கண்டிராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். எத்தனையோ பெரிய மனிதர்களை மேடைகளில் பார்த்துவிட்டேன். அந்தத் தோணியைப் பார்த்து நின்றபோது வந்த மலைப்பு பிறகு எவரிடத்திலும் எனக்கு வரவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. வாவியின் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்போம். அங்கே, ஆரையம்பதிக்கு எதிர்க்கரையில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு என்னை ஆசிரியையாகப் போட்டார்கள். நான் மட்டக்களப்புப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். வயல்காட்டுப் பிள்ளைகளை மனிதராக்கியே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு போனேன். என்னிடம் பிரம்பு இருந்தது. அதைச் சும்மா வைத்திருக்கவும் இல்லை. இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் தோணிக்காரரின் மகள் ஒருத்தி இருந்தாள். கரும்பலகையில் நான் எழுதுவது ஒன்று, அவள் கொப்பியில் எழுதுவது வேறொன்று. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்ப்பாள். அதற்கு அடி வாங்குவாள். ஆனால் காதால் கேட்ட தேவாரத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லுவாள். வாய்க்கு மட்டும் குறைவில்லை என்று அவளை வகுப்பில் வைத்தே நையாண்டி செய்திருக்கிறேன். தை மாதத்தில் தகப்பன் என்னிடம் வந்தார். பட்டணத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் பிள்ளை கேட்கிறார்கள், சித்திரை வருசத்துக்குப் பிறகு இவளை அங்கே விடட்டுமா என்று கேட்டார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஓம் அண்ணன், இவளுக்குப் படிப்பு ஏறாது, கொண்டுபோய் விடுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் துறைப்பக்கம் நடந்தார்.

பட்டணத்தில் அந்த நாட்களில் சிலர் ஒன்றுகூடி, பள்ளிப் பிள்ளைகளின் படிப்பையும் சுகத்தையும் பார்ப்பதற்கென்று சனிக்கிழமைகளில் வாவியைக் கடந்து வரத் தொடங்கியிருந்தார்கள். காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர் கொப்பிகளும் சிலேட்டுகளும் சுமந்து வருவார். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து இளைப்பாறிய அப்போத்திக்கரி ஐயா ஒருவர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுப்பார். கண்ணும் காதும் பல்லும் பார்ப்பவர் மிஸ்ஸி. தாதிமாரை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர், தனி ஆள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வழிச்சோற்றைக்கூடத் தாங்களே கட்டிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் பள்ளிக்கு அவர்கள் வருவதாக இருந்தது மாசி மாதத்தில். ஒரு கிழமை முந்தியே மருந்துப் பெட்டியையும் கண் பார்க்கும் அட்டையையும் தோணியில் அனுப்பிவிட்டார்கள். அட்டையில் மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. எனக்கு அதைக் கண்டதும் புத்தி வேறு வழியில் ஓடியது. வித்தியாதரிசி பள்ளியைப் பார்க்க வருகிறார் என்றால் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே அறிந்து, பிள்ளைகளைத் தயார்படுத்தி வைப்பது அந்தக் காலத்து ஆசிரியர்களின் வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன். அட்டையைச் சுவரில் மாட்டி, ஐந்து நாளும் காலையில் முழு வகுப்பையும் உரக்கச் சொல்லவைத்தேன். பட்டணத்தார் முன்னிலையில் என் பள்ளி தலைகுனியக் கூடாதல்லவா?

சனிக்கிழமை பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலையோடு வரிசையில் நின்றார்கள். மிஸ்ஸி குச்சியால் தொட்டுக்காட்ட, ஒவ்வொருவரும் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார்கள். நான் பெருமையில் பூரித்து நின்றேன். தோணிக்காரரின் மகளின் முறை வந்தது. அவள் மற்ற எல்லோரையும்விட வேகமாக ஒப்பித்துக்கொண்டு போனாள். மூன்றாவது வரியில் மிஸ்ஸி சத்தம் காட்டாமல் அட்டையின் முன் போய் நின்று, தன் முதுகால் அதை மறைத்துவிட்டார். பிள்ளை நிறுத்தவில்லை. மிஸ்ஸியின் வெள்ளைச் சேலையைப் பார்த்தபடியே கடைசி எழுத்துவரை சொல்லி முடித்தாள்.

மிஸ்ஸி பிள்ளையின் தலையைத் தடவினார். "நல்ல ஞாபகம் மனே" என்று செல்லமாகச் சொல்லி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "டீச்சர், முப்பது வருசம் வார்ட்டில நிண்டவ நான். கண்ணில குறையே இல்லாத ஒரு பள்ளிக்கூடத்த இண்டைக்குத்தான் காணுறன்."

"நான்தான் பாடமாக்க வச்ச, மிஸ்ஸி" என்றேன்.

"நாங்க சோதினை வைக்க வரல்ல டீச்சர். தோக்கிற புள்ளையளத் தேடித்தான் வந்தனாங்க."

குச்சியை மாற்றி மாற்றி வைத்தாலும் எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி; இன்னொரு அட்டை அவர்களிடம் இல்லை. எங்கள் பள்ளிக்கு அவர்கள் அடுத்த முறை வருவது சித்திரைக்குப் பிறகுதான். அதற்குள் அந்தப் பிள்ளை யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். இதை நான் மிஸ்ஸியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் வாவிப் பக்கம் திரும்பினார். அவர்களை ஏற்றி வந்த தோணி கரையில் கிடந்தது. அதன் சொந்தக்காரர்தான் அந்தப் பிள்ளையின் தகப்பன். மிஸ்ஸி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குடையோடு தோணியில் ஏறினார்.

ஏற்பாடு மிக எளிது. குடை பெரிது; அதைக் கொண்டு கண்ணைச் சோதிக்கும் அளவு தூரம் மறைப்பில்லாமல் கிடைப்பது வாவியில்தான். குடை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் பிள்ளை கையை நீட்ட வேண்டும், வாய் திறக்கக் கூடாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யாதபடி, முறை வரும்வரை எல்லோரும் வாவிக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். கூரிய கண்ணுள்ள நாலைந்து பிள்ளைகளுக்கே குடை எங்கே மங்கத் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்குச் சற்று இப்பால் தகப்பன் கம்பை ஊன்றித் தோணியைக் கட்டினார். மிஸ்ஸி எழுந்து நின்றார். தோணி ஆடியது, அவரும் ஆடினார், விழவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் குடை வேறு வேறு விதமாக நீண்டது. இனி எவராலும் பாடமாக்க முடியாது. அப்போத்திக்கரி ஐயா இரண்டு தரம் கரையில் நின்று கூப்பிட்டார், வந்து ஒரு வாய் சோறு தின்னச் சொல்லி. மிஸ்ஸி குடையை அசைத்து அடுத்த பிள்ளையை அனுப்பச் சொன்னார்.

தோணிக்காரரின் மகள் திரும்பி நின்றாள். குடை உயர்ந்தது. அவள் கை அசையவில்லை. குடை வலப்பக்கம் நீண்டது. அவள் தோணி இல்லாத பக்கமாக, கரையோரக் கண்ணாப் பற்றைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோணியில் தகப்பன் எழும்பித் தலைத்துண்டை அவிழ்த்து வீசுவதைக் கண்டேன். அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதை மிஸ்ஸி பிறகு சொன்னார். "என்ட புள்ள என்னக் காணல்லையா மிஸ்ஸி?" என்று கேட்டாராம். தகப்பன் கம்பைப் பிடுங்கினார். தோணி கொஞ்சம் வந்து நின்றது, குடை நீண்டது, கை எழவில்லை. இன்னும் கொஞ்சம் வந்தது. அவள் கை முதன்முதலாகச் சரியான பக்கம் எழுந்தபோது தகப்பன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்.

அவரிடம் போய் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிள்ளையில் பிழையில்லை, பிழை என்னில் என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "நீங்க சொன்னா சரியா இரிக்கும் எண்டுதானே டீச்சர் நானும் ஓமெண்டன்" என்றார். அவ்வளவுதான். அதை இன்றுவரை சுமக்கிறேன்.

அன்று கண் குறையுள்ளவர்களாகக் கண்டுபிடித்த எல்லாப் பிள்ளைகளையும் மிஸ்ஸியே கண் டொக்டரிடம் கூட்டிப்போய், கண்ணாடி கைக்கு வரும்வரை அலைந்தார். வேலைக்கு விடும் பேச்சு அத்தோடு நின்றது. தோணிக்காரரின் மகள் பின்னர் ஆசிரியையாகிப் படுவான்கரைப் பள்ளிகளிலேயே காலம் முழுவதும் படிப்பித்தாள். இன்று எனக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். மிஸ்ஸி மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவரை எண்ணினால் இப்போதும் என் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்கின்றன.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொரு காலை. கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் வகுப்புக்கு வந்த திங்கட்கிழமை அது. கரும்பலகையைப் பார்க்கச் சொன்னேன். அவள் பலகையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

"டீச்சர்" என்றாள், மெதுவாக. "நீங்க வயசான ஆள் எண்டெல்லோ நான் நினைச்ச."

ஒரு வருடம் முழுவதும் அந்தப் பிள்ளை என்னிடம் கண்டிருந்தது என் குரலை மட்டும்தான்.