நான் சாத்திய படலை

எனக்கு விடுப்பு, அதாவது அடுத்தவர் சங்கதி அறியும் ஆசை, கொஞ்சம் அதிகம். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்கு வந்த கடிதம் எந்த நாட்டு முத்திரையோடு வந்திருக்கிறது என்று பார்க்காமல் நான் படியேறியதில்லை. அப்படிப்பட்டவளிடம், அக்கா லண்டனை விட்டு வேல்ஸில் ஒரு மலைக்கிராமத்துக் கடையை எடுத்துவிட்டாள் என்ற செய்தி வந்தால் என்ன நடக்கும்? இருப்புக் கொள்ளவில்லை. ஒஸ்லோத் தமிழர்கள் கோடை விடுமுறைக்கு லண்டன் போவார்கள், பாரிஸ் போவார்கள், கொஞ்சம் வசதி என்றால் கனடா போவார்கள். வேல்ஸுக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டவர்களிடம், அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்றேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. அந்தக் கோடை வழக்கத்தைவிடச் சூடு.

கிராமம் என்பது ஒரே ஒரு தெரு. இரு பக்கமும் கல் வீடுகள், கூரைக்குச் சாம்பல்நிறச் சிலேட்டு. அந்தச் சிலேட்டை வெட்டியெடுத்த மலை, பாதி தின்ற கேக்கு மாதிரி ஊருக்குப் பின்னால் நின்றது. வெட்டு நின்று பல காலமாம். ஆனால் ஊரில் எல்லாமே அந்தக் கல்தான்: வாசற்படி, வேலிப் பலகை, கல்லறை. சின்ன வயதில் நான் எச்சில் தொட்டு அழித்த சிலேட்டும் இப்படி ஏதோ ஒரு மலையிலிருந்துதான் வந்திருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. தெருப்பலகைகள் இரண்டு மொழியில் இருந்தன. ஊரவர்கள் தங்களுக்குள் வேல்ஸ் மொழியில் கதைத்தார்கள், நாய்களோடும் அதே மொழிதான். ஆங்கிலத்தை எங்களைப் போன்றவர்களுக்காக எடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சின்னத் தெருவில் மூன்று தேவாலயங்கள். ஒன்று பூட்டிக் கிடந்தது, ஒன்றை யாரோ விடுமுறை வீடாக்கியிருந்தார்கள், ஒன்றில் மட்டும் ஞாயிறு தோறும் பாட்டுக் கேட்டது. இந்தக் கொஞ்சப் பேருக்கு ஏன் மூன்று என்று அக்காவைக் கேட்டேன். ஒன்றில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் மற்றதைக் கட்டினார்களாம், அதிலும் கோபித்தவர்கள் மூன்றாவதைக் கட்டினார்களாம். நம்முடைய ஆட்கள் கோயில் கட்டிய கதை மாதிரியே இருந்தது. அந்த நிமிடமே ஊர் எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் அக்காவுக்கு அந்த ஊர் இன்னும் வசப்படவில்லை. பதினைந்து வருடம் லண்டனில் மற்றவர்களின் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள் அவள். இது அவளுடைய முதல் சொந்தக் கடை. பத்திரிகை, பால், பாண் ரொட்டி, ஒரு மூலையில் தபால் கவுண்டர். அத்தான் லண்டன் வேலையை விடாமல் வார இறுதிகளில் மட்டும் வந்து போனார். ஒரு வருடம் பார்ப்போம், ஊர் சேர்க்காவிட்டால் திரும்பிவிடுவோம் என்பது அவர்களுக்குள் பேச்சு. நான் போனபோது பத்து மாதம் முடிந்திருந்தது. அவள் திரும்ப விரும்பவில்லை என்பது, காலையில் அந்தக் கடைக் கண்ணாடியை அவள் துடைத்த விதத்திலேயே தெரிந்தது.

சேர்க்கவில்லை என்றால் கல்லெறிந்தார்கள் என்று அர்த்தமில்லை. மரியாதை தாங்க முடியவில்லை. ஒரு முத்திரை வாங்குவதற்குள் ஆறு முறை நன்றி சொன்னார்கள், அவளுடைய பெயரை மட்டும் ஒருவரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஒருநாள் அக்கா ஒருவருக்குப் பத்திரிகையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். அவர் அந்தத் தவறான பத்திரிகையை நன்றியோடு வாங்கிக்கொண்டு, எட்டு மைல் தள்ளியிருந்த பட்டணத்துக்குப் போய்ச் சரியானதை வாங்கினாராம். அதே மனிதர்கள் கடை வாசலில் நின்று ஒருவரையொருவர் ஏசுவது எங்களுக்குக் கேட்கும், பத்து மாதத்தில் அந்த மொழி கொஞ்சம் பிடிபட்ட அக்கா எனக்குச் சொல்வாள். தபால்காரன் வண்டியை நிறுத்திய இடம் சரியில்லை, இன்னொருவனின் நாய் சரியில்லை, தேவாலயத்துப் பாட்டு இழுபட்டுப் போகிறது. கதவைத் திறந்து உள்ளே வந்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

“ஒருத்தரும் என்னோடை கோவிக்கினமில்லையடி,” என்றாள் அக்கா. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் கடையைப் பார்க்க, நான் காலையில் மலைக்குக் கிளம்பிவிடுவேன். நோர்வேயில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தால் யாருக்கும் கால் பழகிவிடும். ஆனால் நோர்வேயில் காடு எல்லோருக்கும் பொது, எங்கேயும் நடக்கலாம். இங்கே பாதை மட்டும்தான் பொது, பாதை போகிற நிலம் வேறொருவருடையது. ஒருவருடைய வயலுக்கு நடுவாக, அவர் வீட்டு யன்னலுக்கு நேரே, சட்டப்படி நடந்து போகலாம். விடுப்புக்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கல்மதிலைத் தாண்ட மதிலிலேயே படி வைத்திருந்தார்கள். ஆடுகளின் கழுத்தில் மணி இல்லை, முதுகில் நீலச் சாயம் பூசியிருந்தது. மேலே கல் வெட்டியவர்கள் குடியிருந்த வீடுகள் கூரையில்லாமல் நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை நீட்டி அடுப்பு எங்கே இருந்தது என்று பார்த்தேன்.

நான்காம் நாள், மேல் வயலையும் கீழ் வயலையும் பிரிக்கும் ஒரு இரும்புப் படலை அகலத் திறந்து கிடந்ததைக் கண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ உல்லாசப் பயணி, சாத்தாமல் போயிருக்கிறான். சின்ன வயதில் ஊரில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து போட்டால் ஆடு பூக்கன்றைத் தின்னும், நான் அடி தின்பேன். அது ஒரு பாடம். ஒஸ்லோவில் நான் வேலை செய்தது பார்னஹாகேயில், மழலைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில். அங்கே முதற்கட்டளையே படலைதான்: கடைசியாக வருகிறவர் சாத்த வேண்டும், கொளுக்கியைப் போட்டபின் ஒருதரம் இழுத்துப் பார்க்க வேண்டும். காட்டுக்குப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனால் ஆட்டுப் பட்டிகளிலும் அதே கட்டளை, பலகையே அடித்து வைத்திருப்பார்கள். ஆக மூன்று இடத்திலும் படித்தவள் நான்.

இந்தப் படலையை யாரோ நீல நைலோன் கயிற்றால் மதிலோடு கட்டியிருந்தார்கள். இரண்டு முடிச்சு. மறந்து போகிறவன் முடிச்சுப் போடுவானா என்று ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் நகத்தால் முடிச்சை அவிழ்த்து, படலையைச் சாத்தி, அதே கயிற்றால் கட்டி, இழுத்தும் பார்த்தேன். எனக்குள் ஒரு பெருமை வேறு.

மறுநாள் பின்னேரம் கடைக்குள் ஐந்தாறு பேர் நின்று ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனபின் அக்கா சொன்னாள். மேல் பண்ணைக்காரரின் ஆடுகள் தண்ணீருக்குக் கீழ் வயல் ஓடைக்குத்தான் வர வேண்டுமாம். இந்த வெயிலில் படலையை அவர் வேண்டுமென்றே திறந்து கட்டி வைத்திருந்தாராம். யாரோ சாத்திவிட்டார்கள். ஒரு பகல், ஓர் இரவு, மந்தை முழுவதும் தண்ணீரில்லாமல் நின்றிருக்கிறது. ஒரு தாயாடு மதிலைத் தாண்டப் பாய்ந்து, மதிலும் சரிந்து, ஆடும் கால் முறிந்து விழுந்ததாம். அதைச் சுட வேண்டியதாகிவிட்டது. விடுமுறை வீட்டில் தங்கியிருக்கிற பட்டணத்துக்காரர்கள் மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம்.

எந்தப் படலை என்று கேட்டேன். ஏன் கேட்கிறாய் என்றாள். சும்மா, விடுப்புக்கு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஐந்தரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, ஒருவருக்கு மருந்துப் பார்சல் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போனாள். வர ஒரு மணித்தியாலமானது. நான் பயந்துபோய் மேல் மாடியில் இருந்தேன். சொன்னால் அக்காவின் கடை போய்விடும், சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத யாரோ பழி சுமப்பார்கள். அந்த ஆடு வேறு கண்ணுக்குள்ளேயே நின்றது.

காலையில் அவளுக்குச் சொல்லாமல் கிளம்பினேன். வயல் பாதையைத் தொடப் பயமாக இருந்தது, சுற்றி வீதியாலேயே ஏறினேன். பண்ணைக்காரர் சரிந்த மதிலைக் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், குட்டை, தலையில் தொப்பி, காலடியில் நாய். வழி முழுவதும் மனப்பாடம் செய்த ஆங்கிலம் அவரைக் கண்டதும் பாதி நோர்வேஜிய மொழியாக வெளியே வந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன். படலையைச் சாத்தியது நான்தான்.

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். நேற்றுப் பின்னேரம் உன் அக்கா வந்தாள், படலையைச் சாத்தியது தான்தான் என்றாள், நடக்கப் போனாளாம் என்றார். பத்து மாதத்தில் அவள் கடை வாசலைத் தாண்டி நடந்ததை ஊரில் ஒருவரும் கண்டதில்லை என்றும் சொன்னார்.

“ஒரு படலை. சாத்தினது ரெண்டு பேர்,” என்றார். “இன்றைக்கு மத்தியானம் உங்கள் அம்மாவும் வருவாரா?”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்னஹாகேயையும் நோர்வே ஆட்டுப் பட்டியையும் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே, கீழே கிடந்த கற்களைக் காட்டினார். எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். சிறிது நேரம் ஏசினார். திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி விட்டுப் போக வேண்டும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். பிறகு மெதுவாகக் கேள்விகள் வந்தன. மணி கட்டினால் ஆடு எப்படித் தூங்கும்? ஓநாய் வருமா? பனிக்காலத்தில் எத்தனை மாதம் கொட்டிலில் வைப்பார்கள்? மனிதர் என்னைவிட விடுப்புக்காரர். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் கொஞ்சம் சொன்னேன். நானும் விடவில்லை. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் இருந்தது, ஆடு செத்த வயலுக்கு ஊற்று வயல் என்று பெயர். ஊற்று எங்கே என்றேன். அவருடைய அப்பாவின் காலத்திலேயே வற்றிவிட்டதாம், அதனால்தான் படலையைத் திறந்து வைப்பது. செத்த ஆட்டைப் பற்றி மன்னிப்புக் கேட்டபோது மட்டும் அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினார். மன்னித்தாரா என்று தெரியாமலே இறங்கி வந்தேன்.

கடையில் ஆள் இல்லை. நடந்ததைச் சொல்லி, ஏன் போய்ப் பொய் சொன்னாய் என்று அக்காவோடு கத்தினேன்.

“நீ பத்து நாளிலை போயிடுவாய்,” என்றாள். “உன்னிலை கோவிச்சா, அந்தக் கோவம் ‘வந்த ஆக்கள்’ எண்டு எங்கள் எல்லாரிலையும் விழும். என்னிலை கோவிச்சா, கடைக்காரியிலை மட்டும்தான். அதை நான் இஞ்சை இருந்து தீர்ப்பன் எண்டு நினைச்சன். நீ அதையும் கெடுத்துப்போட்டாய்.”

அவள் சொன்னது முழுக்க உண்மை. ஆட்டைக் கொன்றது போதாதென்று, இப்போது அவளைப் பொய்க்காரியும் ஆக்கிவிட்டேன். ஊரின் கடிதங்களும் ஓய்வூதியமும் அவள் கைக்குள்ளால்தான் போகின்றன. பண்ணைக்காரர் வாயைத் திறந்தால், அத்தானின் ஒரு வருடக் கணக்குக்கு இரண்டு மாதம் முன்னதாகவே கடையைப் பூட்ட வேண்டியதுதான். அவள் பாண் தட்டை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினாள். நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் திரும்பவும் கலைத்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு, தபால் கவுண்டரில் இரண்டு பேர் நிற்கும்போது, பண்ணைக்காரர் வந்தார். முகமன் இல்லை, வானிலை இல்லை. நேரே அக்காவுக்கு முன்னால் வந்து நின்று பெயர் சொல்லித் தொடங்கினார். என் முற்றத்துக்கு வந்து என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல உனக்கு என்ன துணிச்சல்? என்னை முட்டாள் என்று நினைத்தாயா? பொய் சொல்வதென்றால் முதலில் நடக்கிற சப்பாத்தாவது ஒரு சோடி வாங்கியிருக்க வேண்டாமா? அங்கிருந்து பேச்சு வளர்ந்தது. பத்திரிகை எட்டு மணிக்குப் பிறகுதான் வருகிறது, புதன்கிழமை பின்னேரம் ஏன் பூட்டுகிறாய், இங்கே விற்கிற பாணால் இன்னும் இரண்டு முழம் மதில் கட்டலாம். பத்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் அசையவில்லை.

அக்கா இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். உங்கள் வண்டியின் முன் இருக்கையில் பட்டணத்துக் கடைப் பை கிடப்பதைக் கிழமைக்கு மூன்று நாள் பார்க்கிறேன், நீங்கள் எல்லோரும் அங்கே போய் வாங்கினால் என் பாண் கல்லாகாமல் வேறென்ன ஆகும், வாங்கி ஒருநாளாவது தின்றுவிட்டு வந்து ஏசுங்கள் என்றாள். அவருடைய பை மட்டுமல்ல, பின்னால் நிற்கிற இரண்டு பேருடையதையும் பார்த்திருக்கிறேன் என்றாள். அந்த இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் நியாயத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். கடைக்குள் நான்கு பேர் சத்தமாகக் கதைத்தார்கள். ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

பண்ணைக்காரர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். நான் அக்காவுக்குக் கிட்டப் போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, தொலைபேசியை எடுத்து வேலையில் நின்ற அத்தானை அழைத்தாள். ஒரு வசவு விடாமல், சப்பாத்திலிருந்து பாண்வரை, முழுவதையும் ஒப்புவித்தாள். அத்தான் மறுமுனையில் பயந்துபோய் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“ஓமப்பா, எனக்குத்தான்,” என்றாள் அக்கா. “என்ரை பேரைச் சொல்லி ஏசினவர். முழுப் பேரையும். ஒரு எழுத்துப் பிழை விடேல்லை.”