மாற்றி ஒட்டிய கொம்புகள்

பூச்சி அலுவலகத்தில் அவளைப் பசையக்கா என்பார்கள். செத்த பூச்சிகளின் உதிர்ந்த காலையும் ஒடிந்த கொம்பையும் ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. இருபது வருடமாக அந்துருண்டை வாசனையோடு வீடு திரும்புகிறாள். "செத்ததுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர் என் பொண்டாட்டி. இதுவரைக்கும் ஒரு நோயாளியும் குறை சொன்னதில்ல" என்பார் கணவர்.

அன்று காலை நாற்றங்கால்காரர் ஒரு கண்ணாடிக் குப்பியோடு வந்தார். உள்ளே கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு நீள்கொம்பு வண்டு. இதில் இரண்டு வகை உண்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று வெட்டிப் போட்ட கட்டையைத் தின்னும்; தொல்லையில்லை. மற்றது பச்சை மரத்தைத் துளைக்கும். அது ஒரு நாற்றங்காலில் அகப்பட்டால் அங்கிருக்கும் மரக்கன்றுகள் முழுவதையும் எரித்தாக வேண்டும்.

போன மாதம்தான் பதவிக்கு வந்த இளம் அதிகாரி, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரிப் பெட்டியைத் திறந்தார். வகைக்கு ஒரு மாதிரிதான் இருந்தது.

"கொம்புல வெள்ளை வளையம். பச்சை மரம் துளைக்கிற மாதிரியிலயும் அப்படியே இருக்கு. நாளைக்கே எரிச்சிடணும்."

"ஆறாயிரம் கன்னு சார்" என்றார் நாற்றங்கால்காரர்.

பசையக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். பதினோரு வருடத்துக்கு முன் அலமாரி மாற்றும்போது அந்தப் பெட்டி விழுந்து, இரண்டு வண்டுகளின் கொம்புகளும் ஒன்றாக உதிர்ந்தன. எது எதனுடையது என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஒட்டினாள். பின்னால் பார்த்துப் பார்த்துக் கண் பழகியபோது சந்தேகம் வந்தது. யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"சார், அந்தக் கொம்பு நான் ஒட்டினது. மாத்தி ஒட்டிட்டேன்."

"என்னக்கா சொல்றீங்க? இத்தனை வருஷமா எல்லாரும் இதைப் பாத்துதானே உத்தரவு எழுதியிருக்காங்க!"

"அதனாலதான் சொல்றேன். கழட்டிக் காட்டறேன்."

"மாதிரியைத் தொடக் கூடாது. வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க."

"வெச்சா வீட்ல உயிரோட இருக்கற ஆளுக்கு வைத்தியம் பாத்துட்டுப் போறேன். கொஞ்சம் தள்ளுங்க சார்."

வெந்நீரை ஒவ்வொரு சொட்டாகத் தூரிகையால் வைத்தாள். பசை இளகக் கால் மணி நேரம் ஆனது. கொம்புகள் கழன்றன. தலைகளில் ஒடிந்த அடிக்கட்டைகள் மட்டும் மிச்சம். இடம் மாற்றி வைத்தாள். உடைந்த விளிம்பும் விளிம்பும் பூட்டும் சாவியுமாகப் பொருந்தின.

"கொம்பை விடுங்க, அது உதிரும். தோளைப் பாருங்க." இறக்கை ஓடு தொடங்கும் இடத்தில், தோள் பக்கம் ஊசி நுனியால் வருடினாள். பச்சை மரம் துளைக்கிற மாதிரியில் உப்புத்தாளில் படுவதுபோல் சொரசொரத்தது. குப்பியில் வந்த வண்டில் வழுக்கியது. அதிகாரி ஊசியை வாங்கி மூன்று முறை வருடிப் பார்த்தார். பிறகு எரிக்கச் சொல்லி எழுதியிருந்த உத்தரவுத் தாளின் குறுக்கே கோடு போட்டார்.

"எரிக்கணுமா வேணாமா, அதைச் சொல்லுங்கம்மா" என்றார் நாற்றங்கால்காரர்.

"வேணாம்ணே. அங்க பழைய கட்டை ஏதாவது கிடக்குதா?"

"வேலியோரமா ஒரு குவியல் கிடக்கு."

"அதுலேருந்துதான் வந்திருக்கு."

அவர் போன பிறகு கொம்புகளைச் சரியாக ஒட்டினாள். நக அளவு சீட்டில் எழுதினாள்: 'கொம்புகள் மாறியிருந்தன. மாற்றி ஒட்டியவள் நான்.' தேதி போட்டு ஊசியில் குத்தினாள்.

"சார், பதினோரு வருஷத்துப் பதிவேடெல்லாம் எங்க இருக்கு?"

"எதுக்குக்கா?"

"எரிச்சது எது, விட்டது எதுன்னு பாக்கணும். அலமாரிச் சாவியைக் குடுங்க."