ஆளுக்கு எது நீளம்

ஒரு மனிதனுக்கு எது நீளம், சொல்லுங்கள் பார்ப்போம். தலையிலிருந்து கால்வரை என்கிறீர்களா? தப்பு. அது உயரம்.

எஞ்சினியரிங் முடித்த எனக்கும் தெரியவில்லை. செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் வேலை. தானாக ஓடும் கார்களுக்குத் தெருவைப் பழக்க, தெருப் படங்களில் தெரிகிற ஒவ்வொன்றையும் கணினியில் ஒரு செவ்வகப் பெட்டிக்குள் அடைத்து, எது நீளம், எது அகலம், எது உயரம் என்று குறிக்க வேண்டும். கார், பஸ், ஆட்டோ, ஆள், எருமை. மறுபடியும் கார், பஸ், ஆட்டோ. மதியத்துக்குள் கண் எரிய ஆரம்பித்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் படித்தபடி பெரிய பக்கத்தை நீளம் என்று போட்டேன். கார், பஸ்ஸுக்கெல்லாம் சரியாக வந்தது. ஆட்களுக்கும் அதையே செய்தேன். தோளுக்குத் தோள் நீளம், நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவே அகலம்.

டீம் லீட், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் அக்கா; அந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார். என் திரையைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கைக்கு பா, ஏன் இப்பிடி? உன் ஆளுங்க எல்லாம் நண்டு மாதிரி சைடுல போறாங்க!"

"பெரிய பக்கம்தானேக்கா நீளம்?"

"நக்கோ பா, இல்ல. எந்தத் திசையில போறானோ அதான் நீளம். நெஞ்சுலேர்ந்து முதுகு. ஒரு சாண் இருந்தாலும் அதான்."

"அப்ப தொப்பை?"

"ஹவ், ஆமா, அதுவும் நீளத்துலதான் சேரும். சிரிக்காத. ரெண்டு பேட்ச் படம் ரிவ்யூவுலேர்ந்து திரும்பி வந்தாச்சு. மூணாவதும் வந்தா உன்ன இந்த வேலையில வெச்சுக்க என்னால முடியாது."

மூன்றாவது பேட்ச்சில் நான் போட்டு முடித்திருந்த ஆட்களை ஒவ்வொருவராகத் திருப்பினேன். நாலு நாள். சாயங்காலம் மல்காஜ்கிரி ஸ்டேஷனில் இறங்கினால், எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் மனசு தானாகப் பெட்டி போட்டது. நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை. அறைக்குப் போய்ச் சாப்பிடாமலே படுத்தேன்.

இன்று காலை கடைசிப் படம். பஸ் ஸ்டாப்பில் ஒருத்தன், மழைக்கோட்டால் தலைவரை மூடிக்கொண்டு நிற்கிறான். முகமும் தெரியவில்லை, முதுகும் தெரியவில்லை.

"அக்கா, இவன் எந்தப் பக்கம் பாக்கறான்?"

"அடுத்த படத்துல பாரு."

"பத்துப் படம் பாத்துட்டேன். அசைய மாட்டேங்கறான், கடங்காரன்."

"நீயே ஒண்ணு போடு பா."

"தப்பாயி திரும்பி வந்தா?"

அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ரோட்டைப் பார்த்து நிற்கிறான் என்று வைத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் வேறு எங்கே பார்ப்பான்? பேட்ச்சை அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடாமல் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

மணி மூணேகால். பேட்ச் இன்னும் ரிவ்யூவில் இருக்கிறது.