காலி என்று நான் சொன்ன டிஸ்க்

அன்று ஒரு கல்யாணத்தையே அழித்திருப்பேன்.

செங்கல்பட்டில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு மெஹர் அக்கா தன் வீட்டு ஹார்டு டிஸ்க்கோடு வந்தார். மகளின் கல்யாணப் படங்களை மாமல்லபுரத்துச் சம்பந்திக்கு சிடியில் போட்டுத் தர வேண்டும். டிஸ்க்கை மாட்டியதும் என் விண்டோஸ், ஃபார்மட் செய்யட்டுமா, அதாவது முழுக்க அழித்துப் புதிதாக்கட்டுமா என்று கேட்டது.

"டிஸ்க் காலியா கீது, அக்கா. ஃபார்மட் பண்ணிடவா?" என்றேன்.

"நேத்துகூட வூட்ல லினக்ஸ்ல பார்த்தோம் தம்பி. டிஸ்க் காலியா, இல்ல உன் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியலையா?"

மவுசிலிருந்து கையை எடுத்தேன். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருளான லினக்ஸ் எழுதிய டிஸ்க்கை விண்டோஸால் படிக்க முடியாது. பத்திரிகையோடு இலவசமாக வந்து, டீ கிளாசுக்கு அடியில் கிடந்த லினக்ஸ் சிடியைத் துடைத்துப் போட்டு, கம்ப்யூட்டரை அதில் ஓட்டினேன். மணப்பெண் திரை முழுக்கச் சிரித்தாள். கடையே அதிரக் கை தட்டினேன். எல்லாப் படங்களையும் என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, சம்பந்தி வீட்டுக்கு சிடி எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எந்த டிஸ்க்கையும் காலி என்று சொன்னதில்லை. "எனக்குப் படிக்க வரல, வேற வழி பார்க்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.