கயலின் பையில் இருந்த இரும்புக் குழாய்

போன ஞாயிற்றுக்கிழமையில் இருந்து எனக்கு வயிறு எரிகிறது. "பி.பி. ஏறும், விடுங்க" என்கிறாள் மனைவி. விட முடியுமா? உங்களிடம் கொட்டிவிடுகிறேன்.

என் மகள் கயல், காலேஜ் கடைசி வருஷம். பி.எம்.எக்ஸ். சைக்கிள் ஓட்டுகிறவள். அந்தக் குட்டி சைக்கிளின் சக்கர அச்சில், பக்கத்துக்கு ஒன்றாக, குட்டையான இரும்புக் குழாய் மாட்டுவார்கள் — 'பெக்' என்று பெயர். அதைப் படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பி மேல் ஏற்றி, சறுக்கிக்கொண்டே இறங்குவாள். ஸ்போக்ஸ் அடிபடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு, 'ஹப் கார்டு'. நம் ஊரில் பெக் என்றால் என்ன? பின்னால் ஒருத்தன் ஏறி, ஓட்டுகிறவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம். அதற்கு மேல் யாருக்குத் தெரியும்?

மலை மேல் இருக்கிற கரியாலூரில் போட்டி. ஜெயித்தால் சென்னையில் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். அதற்காக ஒரு வருஷமாக விழுந்து எழுந்து பழகியிருந்தாள். ஜீப்பில் சைக்கிளை ஏற்ற இடம் போதவில்லை என்று பெக்கையும் தட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ஊரெல்லாம் மறியல். மலையடிவாரச் சாவடியில் சோதனை. போலீஸ்காரர் பையைத் திறந்தார்.

"இன்னாம்மா இது? பஸ் கண்ணாடி ஒடைக்கவா?"

"சைக்கிள் பெக் சார். கம்பி மேல வுட்டுத் தேய்க்கறதுக்கு."

எனக்குப் பதற்றம். "பின்னாடி ஆளு நிக்கறதுக்குங்க" என்று நடுவில் புகுந்தேன்.

"பொண்ணு ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற!"

சந்தேகம் ஜாஸ்தியாகிவிட்டது. கயல் மொபைலில் வீடியோவைக் காட்டினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த ஊரு?"

"வடக்கனந்தல் பக்கங்க" என்றேன்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிங்க."

அவ்வளவுதான்... பெக் எல்லாம் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. பிளாஸ்டிக் தட்டை மட்டும் பெரிய மனசு பண்ணித் திருப்பிக் கொடுத்தார்!

அதே நேரம் ஊர்த்தெரு ஆட்களோடு மறியலுக்குப் போகிற டிராக்டர் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஆளுக்கொரு உருட்டுக்கட்டை. அவர்களை யாராவது கேட்டார்களா? போராடுவது அவர்கள் உரிமை — என் மகளே இட ஒதுக்கீட்டில்தான் படிக்கிறாள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கையில் இருப்பது சைக்கிள் சாமானா ஆயுதமா என்று தெரிந்துகொள்ள, பிறந்த தெருவை விசாரிக்கிற புத்தி இருக்கிறதே... அதை நினைத்தால்தான் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

போட்டியில் பெக் இல்லாமல், வெறும் அச்சை நம்பிக் கம்பியில் ஏறினாள். வேண்டாம்டி என்று கத்தினேன். கேட்டால்தானே! தட்டு உடைந்தது, ஸ்போக்ஸ் மடங்கியது, குப்புற விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. சென்னை வாய்ப்பு வேறு ஒருவருக்குப் போனது.

சாயங்காலம் இறங்கும்போது பெக்கைக் கேட்டோம். அதற்குள் யாரோ அவருக்கு விவரம் சொல்லியிருக்க வேண்டும். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு, கயலின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு இழுத்தார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. நீங்களும் எதுனா கலாட்டா பண்ணப் போய்க்கினு இருக்கீங்களோன்னு..."

கயல் அடிபடாத கையால் பெக்குகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள்.

"கலாட்டாவெல்லாம் இல்ல சார். நாங்க போராட வந்தா, எந்தத் தெருன்னு நீங்க கேக்க வேணாம். நாங்களே சொல்லிக்கினுதான் வருவோம்."