நம்பர் இல்லாத இரண்டு ரூபாய்

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வரும் ரூபாய் நோட்டுகள் ஈரமாகத்தான் இருக்கும். மரக்காணம் உப்பளத்தில் பகல் முழுக்க உப்பு வாரிவிட்டு, வாரக்கூலியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு அப்பா நடந்தே வருவார். வியர்வை ஊறிய அந்த நோட்டுகள் தொட்டால் பிசுபிசுக்கும், விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். "பிசுக்கு நோட்டை" கடைக்காரரிடம் நீட்ட அம்மாவுக்குக் கூச்சம். ஈரத்துணியால் துடைத்து, தவலை மூடியின்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பிக் காயவைப்பாள். ரூபாய் நோட்டு என்பது துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டிய பொருள் என்றே நினைத்து நான் வளர்ந்தேன்.

நான் ஏழாவது படித்த வருடம், அப்படிக் காய்ந்த நோட்டுகளில் ஒன்றில் நம்பரே அச்சாகவில்லை. பின்பக்கம் செயற்கைக்கோள் படம் போட்ட, சிவப்பு இரண்டு ரூபாய். டீக்கடையில் வாங்கவில்லை, பஸ் கண்டக்டரும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "செல்லாத நோட்டை என் தலையில கட்டிட்டான் மேஸ்திரி" என்று ஒரு வாரம் புலம்பிவிட்டு, அப்பா அதை அண்ணனிடம் தூக்கிப் போட்டார்.

அண்ணன் சேகருக்கு அப்போது பதினெட்டு வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு அளத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கால் வெடிப்புகளில் உப்புத் தண்ணீர் ஏறி எரிய, எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். லாரி டிரைவர் ஆக வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை. திண்டிவனத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் எண்ணூறு ரூபாய் கேட்டார்கள். அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பு லோடோடு பாண்டிச்சேரிக்குப் போன அண்ணன், அங்கே சந்தைத் தெருவில் பழைய காசும் நோட்டும் பரப்பி விற்கும், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரைப் பார்த்து, நம்பர் இல்லாத நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "கொண்டாப்பா, பாக்கறேன். சுத்தமா, மொறமொறன்னு இருந்தா ரெண்டாயிரம் தர்றேன். அழுக்கு, மடிப்பு இருந்தா விலை குறைஞ்சிடும்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து அவன் அதை நான்கு தடவை சொன்னான். அழுக்கு என்ற சொல் என் காதில் விழுந்ததுதான் வினை. அடுத்த சனிக்கிழமை, அவன் வேலைக்குப் போன பிறகு, நோட்டைத் துணி சோப்புப் போட்டுப் பதமாக அலசினேன். சோற்றுக் கஞ்சியில் முக்கி நிழலில் காயவைத்தேன். பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டியை வாங்கி வந்து, மேலே துணி போட்டுத் தேய்த்தேன். கிழிந்திருந்த மூலைக்கு டேப் ஒட்டினேன். சாயங்காலம் அண்ணன் அதைக் கையில் வாங்கி, "ஏய் பாப்பா, புது நோட்டு மாதிரி இருக்குதுடீ!" என்று கூவினான். மறுநாள் என்னையும் பஸ்ஸில் கூட்டிப் போனான்.

கண்ணாடிக்காரர் நோட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கினார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

"துவைச்சீங்களா?"

"ஆமாங்க. கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டேன்" என்றேன், பெருமையாக.

"போச்சு போ. துவைச்சா பேப்பர்ல இருக்கற உயிரு போயிடும்மா. பழுப்பா இருந்தாலும் அது தானா இருக்கணும். இதுல டேப்பு வேற. ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"நீங்கதான சார் சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"சுத்தமா இருக்கணும்னேன். சுத்தம் பண்ணச் சொன்னனா?"

அண்ணன் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். திரும்பி நான்கு கடை தாண்டியிருப்போம், அவரே கூப்பிட்டார். "ஏம்பா, இம்மாந்தூரம் வந்திருக்கீங்க. பஸ் காசுக்கு ஆவட்டும், நோட்டைக் குடுத்துட்டுப் போ" என்று ஐம்பது ரூபாயை நீட்டினார். அண்ணன் நோட்டைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டான்.

கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை அவன் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "உன்னை யாரு தொடச் சொன்னது?" அதற்குப் பின் பொங்கல்வரை என்னோடு பேசவில்லை. வண்டி ஓட்டும் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. அப்பாவுக்கு இடுப்பு விட்டுப் போனது, அவர் இடத்தில் அண்ணன் நின்றான். கல்யாணம், பிள்ளைகள், வயது ஐம்பது. இன்னும் அதே அளத்தில்தான் நிற்கிறான். அவன் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கையில் அந்த சோப்பு நுரை வழுக்கும்.

போன மாதம் புதுச்சேரியில் ஒரு மண்டபத்தில் பழைய நோட்டுக் கண்காட்சி நடந்தது. அச்சுப்பிழை நோட்டுகளைக் கெட்டி பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுபதுக்கு இத்தனை என்று பரீட்சைத்தாள்போல மதிப்பெண் குறித்து வைத்திருந்தார்கள். மேசையில் இருந்த இளைஞனிடம், துவைத்து டேப் ஒட்டிய நோட்டு என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். பிறகு என்னையறியாமல் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன்.

"துவைச்சா கிரேடு இறங்கிடும்க்கா. டேப்புக்கு இன்னும் இறங்கும். ஆனா நம்பர் விழாத நோட்டு நம்பர் விழாததுதான, அந்தப் பிழை எங்கியும் போவாது. ரெண்டாயிரம் சொன்ன ஆளு பாதியாவது குடுத்திருக்கணும்" என்றவன், சிரித்தபடி கேட்டான்: "ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னா, உங்களைக் கூப்பிட்டு ஏன்க்கா வாங்கினாரு?"

பாதி என்றால் ஆயிரம். திண்டிவனத்தில் கேட்டது எண்ணூறு.

வெளியே வந்தேன். சந்தைத் தெருவில் அந்தக் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கடைகளில் இரண்டு ரூபாய் நோட்டு புழங்கியே எத்தனையோ வருடங்கள் ஆயின. அளத்துக் கூலியும் பாங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. துடைக்க எதுவும் இல்லை. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் கெடுக்கவில்லை, அந்த ஆள்தான் ஏமாற்றினார் என்று இரண்டு தடவை சொன்னேன்.

லாரிச் சத்தத்தைவிட்டு அவன் தள்ளிப் போவது கேட்டது.

"அந்த ஆளு இருக்கானா?"

"அப்பவே வயசானவருண்ணா. இருக்க மாட்டாரு."

"அப்ப இதை யாருகிட்ட போயிக் கேக்கறது? நீயே சொல்லு பாப்பா" என்றான்.

அந்தப் பக்கம் யாரோ அவனை மூட்டை தூக்கக் கூப்பிட்டார்கள். "வர்றேன், வர்றேன்" என்று கத்திக்கொண்டே போனை வைத்துவிட்டான்.